ஓநாய் வராத படம்

என் அப்பா ஒரு பட்டியல் வைத்திருந்தார். பள்ளிப் படிப்பின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வு எழுதுவதற்குள் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் பார்த்து முடித்திருக்க வேண்டிய பன்னிரண்டு திரைப்படங்களின் பட்டியல் அது. பாடப்புத்தகம் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்துவிடும், ஆனால் உலகம் தெரியாது என்பது அவருடைய கட்சி. இதை அவர் யாரிடமும் கோபமாகச் சொன்னதில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதைப் போலச் சொல்வார்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். தீயணைப்புக் கருவிகள் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும், அவசர வழிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சோதிப்பதும், எல்லாவற்றையும் படிவத்தில் குறிப்பதும் அவர் வேலை. அதனால் திரைப்படப் பட்டியலும் ஒரு படிவமாகவே இருந்தது. வரிசை எண், படம், நாடு, ஓடும் நேரம், நன்னெறி, எச்சரிக்கை என்று ஆறு கட்டங்கள். எச்சரிக்கைக் கட்டத்தில் ‘41ஆம் நிமிடம், முத்தம்’, ‘மது அருந்துதல், இரு இடங்களில்’ என்பது போன்ற குறிப்புகள் இருக்கும்.

ஜார்ஜ்டவுனில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு பொது மண்டபம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே படம் போடுவார். படம் காட்டும் கருவியைத் தொழிற்சாலையின் பயிற்சி அறையிலிருந்து முறைப்படி அனுமதி வாங்கி எடுத்து வருவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் போட்ட பந்தலின் பழைய பதாகையைத் திருப்பிக் கட்டினால் அதுதான் திரை. படத்தில் பனி பெய்தாலோ பகல் வெளிச்சம் பளீரென்று அடித்தாலோ, பின்பக்கத்து எழுத்துகள் இடவலமாக மாறித் தெரியும். ஐரோப்பாவின் பனிமலைகளில் நான் பார்த்ததெல்லாம் ‘அன்னதானம்’ என்ற சொல்லின் இடவலம் மாறிய வடிவம்தான்.

எச்சரிக்கைக் கட்டத்தில் குறித்த இடம் நெருங்கியதும் அப்பா எழுந்து போய் ஒளிக்கு முன்னால் நின்றுகொள்வார். படத்தை ஓட்டித் தள்ளுவது இயக்குநருக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைத்தார். அவர் அணிந்திருந்தது எப்போதும் வெள்ளைச் சட்டை. ஆகவே முத்தக் காட்சி முழுவதும் அவர் நெஞ்சின்மேல் தெளிவாக நடந்து முடியும். பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் பார்ப்போம். காட்சி முடிந்ததா என்று அவர் எங்களிடமே கேட்டுவிட்டு உட்காருவார்.

பெரும்பாலும் அயல்மொழிப் படங்கள். ஆங்கில வரிகள் கீழே ஓடும். அப்பா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அவற்றை உடனுக்குடன் தமிழில் சொல்வார். வீட்டில் பேசும் தமிழில் இல்லை, செய்தி வாசிக்கும் தமிழில். பசியால் அழும் சிறுவன் ‘அன்னையே, எனக்குப் பசியாக உள்ளது’ என்பான். திருடன்கூட வாக்கியத்தை முடித்த பிறகுதான் ஓடுவான்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ‘இதிலிருந்து நாம் கற்றுக்கொண்டது என்ன?’ என்று கேட்பார். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மூன்று பதில்களை நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தோம்: விடாமுயற்சி, ஒற்றுமை, பெற்றோர் சொல் கேட்டல். சரியான பதிலுக்கு ஒரு பென்சில் பரிசு. எனக்கு மட்டும் பரிசு கிடையாது, நான் மகள் என்பதால். ஆனால் பதில் சொல்வதில் என்னை யாரும் முந்தியதில்லை. அப்போது எனக்குப் பதினோரு வயது. சரியான பதில் சொல்லத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளையும் போல, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அத்தை ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தார். அப்பாவின் ஒரே தங்கை. திருமணத்துக்கு முன்பு ஜார்ஜ்டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தவர். கடைக்கு வருகிறவர்களின் முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார், சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரிப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுங்கை பாக்காப்பில் இருக்கும் மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதன் பிறகு தீபாவளிக்கு ஒருமுறை, யாருடைய கல்யாணத்துக்கோ ஒருமுறை என்று இரண்டே தடவைதான் பார்த்திருந்தோம். இரண்டு முறையும் மாமா பக்கத்திலேயே இருந்தார்.

வந்த அன்று அப்பாவும் அம்மாவும் அத்தையும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்த அப்பா, “எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்” என்றார். அம்மா அத்தையின் பையை என் அறைக்கு எடுத்துப் போனார். என்னிடம் அத்தை ஓய்வெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாளே அப்பா மாமாவிடம் தொலைபேசியில் பேசி, அடுத்த மாத இரண்டாம் ஞாயிறு வந்து அழைத்துப்போகச் சொல்லிவிட்டார். மாமா ரொம்பவும் அக்கறையான ஆள் என்று வீட்டில் எல்லோருமே சொல்வார்கள். அதில் எனக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எனக்கு இருந்த ஒரே பிரச்சினை கட்டில். என் கட்டிலில் பாதியை அத்தைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அலமாரியில் ஒரு தட்டும் போயிற்று. ஓய்வெடுக்க வந்தவர் ஓய்வே எடுக்கவில்லை என்பது வேறு எனக்கு எரிச்சலாக இருந்தது. விடிந்ததும் எழுந்து ஏழு மாடியும் படியில் இறங்குவார், சற்று நேரத்தில் ஏறி வருவார். மறுபடி பத்து மணிக்கு, மறுபடி மாலையில். எதற்கு என்று கேட்டால், “சும்மாதான்லா, கீழ போய்ட்டு வரேன்” என்பார். உடம்பைக் குறைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். குறைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. பட்டியலில் ஒன்பதாவது படம்.

வறண்ட மலைநாட்டில் ஒரு செங்கல் சூளை. அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் எல்லாம் ஒரு மதிலுக்குள் வாழ்கின்றன. பொழுது சாய்ந்ததும் முதலாளி வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். மலையில் ஓநாய்கள் திரிகின்றன, உங்கள் நன்மைக்காகத்தான் என்பார். அங்கே ஒரு சிறுமி, ஏறக்குறைய என் வயது. அவள் ஓநாயைப் பார்த்ததே இல்லை. அவளுடைய அண்ணன், தான் அதன் ஊளையைப் பலமுறை கேட்டிருப்பதாகச் சொல்கிறான். ஒரு நாள் விடியற்காலையில் அவள் சாக்கடைத் துவாரத்தின் வழியாக வெளியே போய் மலை உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறாள். ஓநாயும் இல்லை, அதன் காலடித் தடமும் இல்லை. வந்து சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. அண்ணன் எல்லோர் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்கிறான். பிறகு ஒருவர் போய்ப் பார்க்கிறார், பிறகு இருவர். கடைசியில் கதவு உடைகிறது. ஆனால் உடைந்த கதவின் முன்னால் அவர்கள் வெகுநேரம் அப்படியே நிற்கிறார்கள். எல்லோரும் போன பிறகுதான் அந்த அண்ணன் வெளியே வருகிறான். வந்தவன் நடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அத்தோடு படம் முடிகிறது.

எங்களுக்கு மிகப் பெரிய ஏமாற்றம். தலைப்பிலேயே ஓநாய் இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தும் அது வரவில்லை. கீழ்வீட்டுச் சீனப் பையன் என்னிடம் மலாயில் ஓநாய் எங்கே என்று கேட்டான். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவன் கறிபாப் பலகாரம் இருந்த தட்டைத் தேடிக்கொண்டு போனான்.

அப்பா விளக்கைப் போட்டார். பட்டியலில் இந்தப் படத்தின் நன்னெறி என்ன என்று எனக்கு முன்பே தெரியும், ‘அறிவியல் மனப்பான்மை’. ஆகவே பையன்கள் விடாமுயற்சி, ஒற்றுமை என்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்து நான் எழுந்தேன். யாரோ சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பக்கூடாது, நாமே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. ஒலிவாங்கியில் என் பதிலை இன்னொரு முறை சொன்னார்.

அப்போது பின்வரிசையில் அத்தை எழுந்தார். பிள்ளைகளுக்குச் சிராப் பானம் ஊற்றிக்கொண்டிருந்தவர், கையில் குடுவையோடு அப்படியே நின்றார்.

“அண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா?”

ஒன்பது மாதங்களில் பெரியவர்கள் யாரும் கேள்வி கேட்டதே இல்லை. அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தாராளமாகக் கேட்கும்படி சொன்னார்.

“அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லியும் அவ அண்ணன் ஏன் நம்பல?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். அவர் சொன்னது நல்ல பதில் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நம்பிவிட்டால் அதன் பிறகு அவன் ஏதாவது செய்தாக வேண்டும், நம்பாமல் இருந்துவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அதனால்தான் என்றார். அம்மாமார் சிலர் தலையாட்டினார்கள்.

அத்தை உட்காரவில்லை.

“நான் வந்து சொன்னேனே. நீங்க ஒரு தடவ வந்து பாத்தீங்களா அண்ணே?”

குரலை உயர்த்தவில்லை. ஆனால் மண்டபத்தில் கேட்காதவர்கள் யாரும் இல்லை. அப்பாவின் கையிலிருந்த ஒலிவாங்கி கொஞ்ச நேரம் ‘உய்ங்’ என்று இரைந்தது. அவர் அதை அணைக்கவும் மறந்து நின்றார். அம்மா எழுந்து போய் அத்தையின் கையிலிருந்த குடுவையை வாங்கிக்கொண்டார். பிறகு நாற்காலிகளை அடுக்கினோம். அன்றைக்கு யாருக்கும் பென்சில் கொடுக்கவில்லை. பென்சில் கொடுக்காதது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சரியான பதில் சொன்னவள் நான் என்பதால், பரிசு ஒழுங்காகக் கொடுக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உரிமை இருப்பதாக நினைத்தேன்.

அன்று மாலை அப்பாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அப்பா விடுப்பு எடுத்தார். காய்ச்சல் வந்தாலும் வேலைக்குப் போகிறவர் அவர். அம்மா வேலைக்குப் போன பிறகு என்னைக் காடியின் முன் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறியதும்தான் சுங்கை பாக்காப்புக்குப் போகிறோம் என்றார். தொழிற்சாலைக் காலணியைப் போட்டிருந்தார். சட்டைப்பையில் வேலைக்குக் கொண்டுபோகும் குறிப்பேடும் பேனாவும் இருந்தன. பள்ளி விடுமுறையில் நான் போன ஒரே வெளியூர்ப் பயணம் அது என்பதால், விடுமுறைக் கட்டுரையில் எழுதலாம் என்று வழியில் பார்த்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கடல், பாலம், பத்து காவான் என்ற ஊரின் புதிய தொழிற்சாலைகள், எண்ணெய்ப்பனை.

மாமாவின் வீடு ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மாமா வேலைக்குப் போயிருந்தார். முன்புறம் கிரில் கதவு. அதில் சங்கிலி போட்டு, வெளியே ஒரு பெரிய பித்தளைப் பூட்டுத் தொங்கியது. அப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பிகள் சுவரோடு சேர்த்துப் பதிக்கப்பட்டிருந்தன. பின்சந்து வழியாகச் சுற்றிப் போனார், நானும் போனேன். பின்கதவிலும் வெளியே பூட்டு.

திரும்பி முன்பக்கம் வந்தபோது எதிர்வீட்டிலிருந்து ஓர் அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“யார பாக்குறீங்க? அவரு ஏழு மணிக்குத்தான் வருவாரு.”

அப்பா, தான் இந்த வீட்டுப் பெண்ணின் அண்ணன் என்றார்.

அந்த அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “அண்ணனா? அப்போ ஆளு இருக்காங்களா? ரெண்டு வருஷமா யாரும் வந்து எட்டிப் பாக்கலயே. அந்தப் பிள்ளைக்கு யாருமே இல்லன்னுல்ல நெனச்சேன்!”

அந்த அக்கா நிறுத்தவில்லை. காலை ஏழு மணிக்கு வெளியே பூட்டிவிட்டுப் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் மாமா வந்து திறப்பார் என்றார். கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். இந்த அக்கா தெருவைக் கடந்து வந்து கிரில் பக்கத்தில் நின்று அத்தையோடு பேசுவாராம். “ஒரு நாளு குளியலறையில வழுக்கி விழுந்திட்டாங்க. எனக்கு சத்தம் கேக்குது. இங்க நின்னு கூப்பிடுறேன், கூப்பிடுறேன், உள்ள போக முடியல. எந்திரிச்சு வர்ற வரைக்கும் இங்கயே நின்னேன். வேற என்னா செய்றது, சொல்லுங்க?”

அப்பா குறிப்பேட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். ஒன்றும் எழுதாமல் மூடிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு கிரில் கதவை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. சங்கிலி குலுங்கிய சத்தத்தில் நாலைந்து வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

“உள்ள யாரும் இல்லப்பா” என்றேன்.

“தெரியும்மா” என்றார்.

திரும்பும் வழியில் பத்து காவானில் காடிக்கு எண்ணெய் போடும் நிலையத்தில் நிறுத்தினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். கேட்காமலே எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அதை நான் தின்று முடிக்கும்வரை காடியைக் கிளப்பவில்லை. பிறகு, அந்தப் படத்தில் கதவுக்கு வெளியே கடைசியாக வந்தது யார் என்று கேட்டார். அவரே மொழிபெயர்த்துச் சொன்ன படத்தை இரண்டு நாளில் மறந்துவிட்டாரே என்று எனக்கு ஆச்சரியம். அண்ணன் என்று சொன்னேன். சரியான பதில் என்பதால் அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். அப்பா அறை வாசலில் நின்று, “போய்ப் பாத்தேன்” என்றார்.

“எதிர்வீட்டு அக்கா இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

அவ்வளவுதான் பேசினார்கள். அத்தை மறுபடி துணியை மடிக்கத் தொடங்கினார். ஒரே சட்டையை மூன்று முறை பிரித்து மூன்று முறை மடித்ததைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமா வந்தார். கூடவே அவருடைய அண்ணன். மாமா பழக்கூடை கொண்டுவந்திருந்தார். எனக்கு இருபத்து நான்கு வண்ணப் பென்சில்கள் கொண்ட பெட்டி. எங்கள் வீட்டில் யாரும் எனக்குப் பன்னிரண்டுக்கு மேல் வாங்கித் தந்ததில்லை. அந்தக் கணமே நான் அவர் கட்சி. அதோடு, அத்தை போய்விட்டால் கட்டிலும் அலமாரித் தட்டும் திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கும் எனக்கு இருந்தது.

மாமா மெல்லிய குரலில் பேசுகிறவர். அன்றும் அப்படித்தான் பேசினார். அத்தையைப் பார்த்தே கேட்டார்.

“நான் உன் மேல ஒரு நாளாச்சும் கை நீட்டியிருக்கேனா? சொல்லு.”

“இல்ல” என்றார் அத்தை.

“சாப்பாடு, துணிமணி, ஏதாச்சும் குறை வெச்சேனா?”

“இல்ல.”

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். “பாருங்க மச்சான். பூட்டுறது அவ நல்லதுக்குத்தான். எங்க தாமான்ல எத்தன திருட்டுன்னு உங்களுக்குத் தெரியாது. தனியா இருக்கிற பொம்பள. நான் பூட்டாமப் போயி ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்ப நீங்கதான் என்னக் கேப்பீங்க.”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. ஒரு நல்லவர் வீணாகக் குற்றம் சாட்டப்படுகிறார், உண்மை தெரிந்த ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று தோன்றியது. வண்ணப் பென்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதைப் போலத் தெளிவாகச் சொன்னேன்:

“நாங்களும் எங்க வீட்ட பூட்டுவோமே.”

மாமா சிரித்தார். “பாருங்க. பிள்ளைக்கே தெரியுது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அவர் திட்டவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து எழுப்பிச் சமையலறைக்கு அனுப்பினார். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மீதியைக் கேட்டேன்.

அப்பாவின் குரல் மாறியிருந்தது. கோபம் இல்லை. தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு விதிமுறை சொல்கிற குரல்.

“வீட்டுல தீ பிடிச்சா அவ எந்த வழியா வெளிய வருவா, மாப்பிள்ளை?”

“தீயா? அதெல்லாம் ஒண்ணும் நடக்கலயே.”

“நடக்கலங்கறது பதில் இல்ல. எந்த வழி?”

நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது.

“எங்க பேக்டரியில ஆளு உள்ள இருக்கும்போது நான் ஒரே ஒரு கதவ வெளியில பூட்டினா, அன்னிக்கே என்ன வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. எண்ணூறு பேரு இருக்கிற எடத்துல நான் தினம் போய்த் தள்ளிப் பாக்குறேன். என் தங்கச்சி வீட்டுக் கதவ ரெண்டு வருஷமா தள்ளிப் பாக்கல. அவ வந்து சொன்னப்பவும் பாக்கல. அது என் தப்பு.”

மாமாவின் அண்ணன், குடும்ப விஷயத்தைத் தொழிற்சாலை விஷயம் போலப் பேசக்கூடாது என்றார். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் தீராதது இல்லை என்றார். அப்பா, பேசலாம், ஆனால் முதலில் அவளைக் கேட்போம் என்றார்.

அத்தை சொன்னது இரண்டே சொல். “நான் வரல.”

மாமா அப்போதும் சத்தம் போடவில்லை. இன்னொரு முறை கேட்டார். அதே இரண்டு சொல் இன்னொரு முறை வந்தது. தேநீர் ஆறிக் கிடந்தது. அவர்கள் எழுந்து போனார்கள். பழக்கூடையை அம்மா அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்ணப் பென்சில் பெட்டி என்னிடமே தங்கிவிட்டது, அது சமையலறையில் என்னோடு இருந்ததால்.

அத்தை எங்கள் வீட்டில் ஒன்றரை ஆண்டு இருந்தார். ஜனவரியிலேயே மறுபடியும் அதே கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனார். விவாகரத்து முடிய நாளாயிற்று. பிறகு ஜெலுத்தோங்கில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டார். சத்தமான சிரிப்பு உடனே திரும்பி வந்துவிடவில்லை. ஒரு நாள் அத்தை, கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளரைப் போல நடித்துக் காட்டும்போது வந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

மாதாந்திரப் படத்துக்குக் கூட்டம் குறைந்தது. படம் போட்டுக் குடும்பத்தைப் பிரிக்கிறார் என்று அடுக்குமாடியில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மூன்று வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆனால் பின்வரிசையில் பிள்ளைகள் இல்லாமல் தனியாக வருகிற பெண்கள் நாலைந்து பேர் கூடினார்கள். அப்பா பட்டியலை நிறுத்தவில்லை. பன்னிரண்டு படங்களையும் போட்டு முடித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு மறுபடி தட்டச்சு செய்தார். ஒன்பதாவது படத்துக்கு நேரே ‘அறிவியல் மனப்பான்மை’ இல்லை. வேறு எதுவும் எழுதாமல் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். தட்டச்சில் விட்டுப்போயிற்று என்று நினைத்து, பென்சிலால் நானே அதை நிரப்பி வைத்தேன்.

மாமாவின்மேல் எனக்கு வெகுநாள் இரக்கம் இருந்தது. அந்தப் பென்சில்களால் வண்ணம் தீட்டும்போதெல்லாம், பெரியவர்கள் அவருக்கு அநியாயம் செய்துவிட்டதாகவே நினைப்பேன். நாங்கள் வெளியே போகும்போது பூட்டினோம், தூங்கும்போது பூட்டினோம். ஏறக்குறைய அதே மாதிரிப் பித்தளைப் பூட்டு. இரண்டு வீடுகள் ஒரே காரியத்தைச் செய்ய, ஒரு வீட்டை மட்டும் ஏன் குற்றம் சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அத்தையிடமே ஒருமுறை அதைக் கேட்டேன். அவர் என் தலைமுடியைக் கோதிவிட்டு, “பெரிய பிள்ளையானா தெரியும்லா” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

எங்கள் வீட்டுப் பூட்டின் சாவி, கதவுக்கு உள்பக்கச் சுவரில், என் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. அன்றைக்கும், அந்தக் கேள்வியைக் கேட்டு முடித்த கையோடு, அதை எடுத்துக் கிரிலைத் திறந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் விளையாடக் கீழே இறங்கிப் போனேன்.